இரண்டு உருளை, ஒரு பள்ளம்: எந்தப் பொருளை முதலில் தனியாக எடுக்கணும்?

செமஸ்டர்_முத்து

எல்லாருக்கும் வணக்கம். இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் இன்டர்னல் அடுத்த வாரம். முதல் யூனிட்ல ஒரு வகைக் கணக்கு மட்டும் பாடாய்ப் படுத்துது.

கணக்கு இதுதான். செங்குத்தான ரெண்டு சுவருக்கு நடுவுல ஒரு பள்ளம், அகலம் 360 மி.மீ. உள்ளே வழவழப்பான ரெண்டு உருளை. ஒவ்வொண்ணும் 200 மி.மீ விட்டம், 300 நியூட்டன் எடை. கீழ் உருளை தரையையும் இடது சுவரையும் தொட்டுக்கிட்டு இருக்கு. மேல் உருளை அதுமேல சாய்ஞ்சு வலது சுவரைத் தொடுது. தொடுற நாலு இடத்துலயும் விசை எவ்வளவு?

நான் கீழ் உருளையில ஆரம்பிச்சேன். தரை, இடது சுவர், மேல் உருளை, ஆக தெரியாதது மூணு. கிடைக்கு ஒண்ணு, செங்குத்துக்கு ஒண்ணுன்னு சமன்பாடு ரெண்டுதான். மூணாவதா மொமென்ட் (ஒரு புள்ளியைச் சுத்தி விசை திருப்புற விளைவு) எடுக்கலாம்னா எல்லா விசையும் மையம் வழியாவே போகுது, பூஜ்ஜியம் சமம் பூஜ்ஜியம்னு நிக்குது. ரூம்மேட் "ரெண்டையும் சேர்த்து ஒரே பொருளா எடு"ங்கிறான். கிளாஸ்ல "மேல் உருளையில ஆரம்பி"ன்னு சொன்னாங்க, ஏன்னு சொல்லல. எதை எப்ப எடுக்கணும்னு எப்படித் தெரியும்?

கப்பிக்காரன்

மேல் உருளை. தெரியாதது ரெண்டு, சமன்பாடு ரெண்டு. முடிஞ்சுது தம்பி.

செமஸ்டர்_முத்து

அண்ணா, அது இந்தக் கணக்குக்குச் சரி. அடுத்த கணக்குல கயிறு, கப்பி, சட்டம் எல்லாம் கலந்து வருது. அங்க?

சிவில்_செல்வி

முத்து, முதலில் இந்தக் கணக்கை முடித்துவிடுவோம். பிறகு உன் கேள்விக்கு வருகிறேன். உண்மையில் அதுதான் பெரிய கேள்வி.

கோணம் தேடி ஓடாதே. இரண்டு மையங்களையும் ஒரு கோட்டால் இணை. அதன் நீளம் இரண்டு ஆரங்களின் கூட்டல், 200 மி.மீ. கிடையாக மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 360 கழித்தல் 200, அதாவது 160. அப்படியானால் செங்குத்துத் தூரம் 120. 3-4-5 முக்கோணம் வந்துவிட்டது. கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்ற கவலைகூட வேண்டாம்.

வழவழப்பான பரப்பு என்றால் உராய்வு இல்லை, விசை பரப்புக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும். உருளையும் உருளையும் தொடும் இடத்தில் அந்தச் செங்குத்து என்பது மையங்களை இணைக்கும் கோடேதான்.

மேல் உருளையைத் தனியாக வரை. அதன் மேல் மூன்று விசைகள்: கீழ்நோக்கி 300 எடை, வலது சுவர் இடப்பக்கமாகத் தள்ளும் 'வ', கீழ் உருளை வலப்புறம் மேல்நோக்கித் தள்ளும் 'தொ'.

'தொ'வின் திசை: செங்குத்துப் பங்கு 120 ÷ 200 = 0.6, கிடைப் பங்கு 160 ÷ 200 = 0.8.
செங்குத்து: 0.6 × தொ = 300. ஆக தொ = 500 நியூட்டன்.
கிடை: வ = 0.8 × 500 = 400 நியூட்டன்.

இப்போது கீழ் உருளை. அதே 500 இங்கே திசை மாறி, இடப்புறம் கீழ்நோக்கி வரும். இடது சுவர் 400, தரை 300 + 300 = 600.

உன் ரூம்மேட் சொன்ன வழியும் தப்பில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்தால் 500 உள்ளே மறைந்துவிடும், படத்தில் வரவே கூடாது. தரை 600 என்று ஒரே வரியில் வந்துவிடும். இரு சுவர் விசைகளும் சமம் என்பதும் தெரியும். ஆனால் அவை எவ்வளவு? அதற்கு மொமென்ட் வேண்டும். சுவர் விசைகள் 120 மி.மீ இடைவெளியில் எதிரெதிராக இருக்கின்றன. மேல் உருளையின் எடையோ கீழ் மையத்திலிருந்து 160 மி.மீ தள்ளி இருக்கிறது. 120 × வ = 160 × 300, வ = 400. மேலே வந்த அதே விடை. நான் முதல் வழியில் போட்டு இரண்டாவது வழியில் சரிபார்ப்பேன். பரீட்சையில் அரை நிமிடம்தான் ஆகும்.

வவுனியாப்_பெடியன்

நாங்கள் இலங்கையில் உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு இதே மாதிரிக் கணக்குகளைத் தலைகீழாகச் செய்த ஆக்கள். மேல் உருளையில் மூன்று விசைதானே, ஒரு விசை முக்கோணியைக் கீறினால் போதும். 300, 400, 500 எண்டு பக்கங்கள் படத்திலேயே தெரியும். இலாமியின் தேற்றம் (ஒவ்வொரு விசையையும் மற்ற இரண்டுக்கும் இடையிலான கோணத்தின் சைனால் பிரித்தால் எல்லாம் சமம்) போட்டாலும் அதேதான்: 500 ஐ சைன் 90 ஆல் பிரிக்க, 400 ஐ 0.8 ஆல் பிரிக்க, 300 ஐ 0.6 ஆல் பிரிக்க, எல்லாம் 500.

ஆனால் தம்பி, இலாமி மூன்று விசைக்கு மட்டும்தான். அந்த மூன்றும் ஒரே தளத்தில், ஒரே புள்ளியில் சந்திக்கவும் வேணும். கீழ் உருளையில் எடையோடு சேர்த்து நாலு விசை, அங்கே அதைக் கொண்டுபோய்ப் போடாதேங்கோ.

குறுக்குக்கேள்வி

ஒரு சந்தேகம், கிண்டலுக்கு இல்லை. எல்லாப் பொருளையும் தனித்தனியா எடுத்து, எல்லாச் சமன்பாட்டையும் எழுதி, மேட்ரிக்ஸில் போட்டா விடை வந்துடும். ரெண்டு உருளை, நாலு சமன்பாடு, தெரியாதது நாலு. எதை முதலில் எடுக்கிறதுன்னு எதுக்கு இவ்வளவு யோசனை? இப்ப போன்லயே இதுக்கெல்லாம் ஆப் இருக்கு.

சிவில்_செல்வி

வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் மேட்ரிக்ஸுக்குக் கயிறு எது, கம்பி எது என்று தெரியாது. ஒரு சின்ன உதாரணம்.

சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஒரு வளையம். அதில் 280 நியூட்டன் எடை தொங்குகிறது. வளையத்திலிருந்து இரண்டு கயிறுகள், இரண்டும் அதே சுவருக்குத்தான் போகின்றன. ஒன்று வளையத்தை விட 1.6 மீட்டர் உயரத்திலும் இன்னொன்று 0.9 மீட்டர் உயரத்திலும் கட்டியிருக்கிறது. மேல் கயிற்றின் திசை 3-4 (கிடை 3, செங்குத்து 4), கீழ்க் கயிற்றின் திசை 4-3. இழுவைகளை மே, கீ என்று வைத்துக்கொள்.

கிடை: 0.6 × மே + 0.8 × கீ = 0
செங்குத்து: 0.8 × மே + 0.6 × கீ = 280

தீர்த்தால் மே = 800, கீ = −600. மேட்ரிக்ஸ் சந்தோஷமாக இந்த விடையைத் தந்துவிடும். ஆனால் கயிறு தள்ளாது. அந்த வளையம் அந்த இடத்தில் நிற்கவே நிற்காது, சுவரை நோக்கி ஊசலாடிப் போய்விடும். கீழே இருப்பது கயிறு இல்லை, இரும்புக் குழாய் என்றால் அதே −600 அருமையான விடை: குழாய் 600 நியூட்டன் அமுக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

முத்து, இதைக் குறித்துக்கொள். குறைக்குறி வந்தால் "திசையை மாற்றிப் போட்டுக்கொள்" என்று எல்லாரும் சொல்லிக் கொடுப்பார்கள். சட்டம், கம்பி, கீலின் எதிர்விசை இவற்றுக்கு அது சரி. கயிறுக்கும், வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புக்கும் சரியில்லை. தொடும் பரப்பில் குறைக்குறி வந்தால் பொருள் அங்கே தொடவே இல்லை என்று பொருள். படத்தையே மாற்றி வரைய வேண்டும்.

கப்பிக்காரன்

மேடம் சொன்னது சரி. நான் துறைமுகத்துல ரிக்கிங் வேலை, அதாவது சரக்கைக் கட்டித் தூக்குறது. எங்களுக்கு சைன், காஸ் எல்லாம் கிடையாது, டேப் இருந்தா போதும். ரெண்டு கால் ஸ்லிங்ல (கொக்கியிலேர்ந்து சரக்குக்குப் போற ரெண்டு கயிறு) சமமா தூக்கினா ஒரு காலுக்கு வர்ற இழுவை = எடையில பாதி × (ஸ்லிங் நீளம் ÷ கொக்கி உயரம்). கொக்கி உயரம்னா சரக்குல மாட்டின இடத்துலேர்ந்து கொக்கி வரை நேர் செங்குத்தா.

20 கிலோ நியூட்டன் சரக்குன்னு வச்சுக்கோ. ஸ்லிங் கிடையோட 60 டிகிரின்னா ஒரு காலுக்கு 11.5. 45ல 14.1. 30ல முழுசா 20. 15 டிகிரிக்கு இறங்கினா 38.6. சரக்கு அதேதான், ஆனா ஒரு காலுக்கு எடையைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 30க்குக் கீழே நாங்க தூக்கமாட்டோம்.

இன்னொண்ணு, காலேஜ்ல பெரும்பாலும் சொல்லமாட்டாங்க. 30 டிகிரியில ஒவ்வொரு காலும் சரக்கை உள்பக்கமா 17.3 கிலோ நியூட்டன் நெருக்குது. மெல்லிசான பெட்டின்னா நசுங்கிடும். அதுக்குத்தான் மேல ஸ்ப்ரெடர் பீம், அதாவது கால்களைப் பிரிச்சுப் பிடிக்கிற குறுக்குக் கட்டை, போடுறது.

செமஸ்டர்_முத்து

அண்ணா, நாலு கால் ஸ்லிங் போட்டா எடையை நாலால வகுத்துடலாமா?

கப்பிக்காரன்

கூடாது. சரக்கு விறைப்பா இருந்து ஸ்லிங்கோட ஒரு கால் மட்டும் ஒரு விரல் அகலம் நீளமா போச்சுன்னா, அது தளர்வா தொங்கிக்கிட்டே இருக்கும், மத்த எதிரெதிர் மூலைக் கால் ரெண்டும்தான் தாங்கும். நாங்க ரெண்டு கால்தான் தாங்குதுன்னு கணக்குப் போடுவோம்.

சிவில்_செல்வி

இதற்குக் காரணமும் முத்துவின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கொக்கி ஒரு புள்ளி. முப்பரிமாணத்தில் ஒரு புள்ளிக்குச் சமன்பாடு மூன்றுதான். கயிறு நான்கு. சமநிலையை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. எந்தக் கயிறு எவ்வளவு நீளும் என்று தெரிந்தால்தான் விடை. மூன்று கால் என்றால் தீர்க்கலாம்.

ஆக, எந்தப் படம் வரைந்தாலும் முதல் வேலை எண்ணுவது. தளத்தில் புள்ளி என்றால் இரண்டு சமன்பாடு, தளத்தில் பொருள் என்றால் மூன்று, முப்பரிமாணத்தில் புள்ளிக்கு மூன்று, முப்பரிமாணத்தில் பொருளுக்கு ஆறு. தெரியாதவை அதற்கு மேல் இருந்தால் வேறு பொருளை எடு. எல்லாப் பொருள்களின் சமன்பாடுகளையும் சேர்த்து எண்ணியும் தெரியாதவை மிஞ்சினால், கணக்கில் எதையோ படிக்காமல் விட்டிருக்கிறாய், அல்லது அது சமநிலையை மட்டும் வைத்துத் தீர்க்கும் ஸ்டேட்டிக்ஸ் கணக்கே இல்லை.

குறுக்குக்கேள்வி

சரி, எண்ணுறது புரியுது. ஆனா "பொருளைத் தனியா எடு"ன்னு எல்லாரும் சொல்றீங்க, எப்படி எடுக்கிறதுன்னு யாரும் சொல்லல. கப்பி இருந்தா கப்பியை எடுக்கவா, ஆளை எடுக்கவா, ரெண்டையுமா?

கப்பிக்காரன்

இதுக்கு நான் ஒரு கணக்கு தர்றேன். வேலைக்குப் புதுசா வர்ற பசங்ககிட்ட எப்பவும் கேக்குறது.

மொட்டை மாடியில ஒரு கப்பி மாட்டியிருக்கு. பெயிண்டர் ஒருத்தர் பலகையில உட்கார்ந்திருக்கார். ஆளும் பலகையும் சேர்த்து 800 நியூட்டன். பலகையில கட்டின கயிறு மேல போய் கப்பியைச் சுத்திக் கீழ வருது.

முதல் நிலை: கீழ தரையில நிக்கிற இன்னொருத்தர் அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார்.
ரெண்டாவது நிலை: பெயிண்டரே அந்த முனையைத் தன் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கார்.

ரெண்டுலயும் கயிறு இழுவை எவ்வளவு? மாடியில கப்பி மாட்டின கொக்கிக்கு எவ்வளவு? கப்பியில உராய்வு இல்லன்னு வச்சுக்கோ.

செமஸ்டர்_முத்து

ரெண்டுலயும் 800தானே? எடை மாறலையே.

வவுனியாப்_பெடியன்

தம்பி, பெயிண்டரையும் பலகையையும் சுத்தி ஒரு மூடிய கோடு கீறுங்கோ. அந்தக் கோடு எத்தனை இடத்தில் கயிறை வெட்டுது எண்டு பாருங்கோ.

செமஸ்டர்_முத்து

முதல் நிலையில ஒரு இடம். ரெண்டாவதுல... பலகைக் கயிறு ஒண்ணு, கையில பிடிச்சது ஒண்ணு. ரெண்டு இடம். அப்ப 2 × இழுவை = 800, இழுவை 400!

கொக்கிக்கு, கப்பியைச் சுத்திக் கோடு போட்டா ரெண்டு பக்கமும் கயிறு கீழ இழுக்குது. முதல் நிலையில 1600, ரெண்டாவதுல 800. அதாவது தரையில இருந்து ஒருத்தர் பிடிச்சா கொக்கிக்கு ரெண்டு மடங்கா?

கப்பிக்காரன்

ஆமா. தரையில நிக்கிறவரும் கொக்கியை இழுக்கிறார்ல. கொக்கிக்கு பெயிண்டர் எடையை மட்டும் பார்த்து போல்ட் போட்டா போச்சு.

சிவில்_செல்வி

அருமையான கணக்கு. குறுக்குக்கேள்வி, உங்களுக்கான பதில் இதில் இருக்கிறது. தனியாக எடுப்பது என்றால் ஒரு மூடிய கோடு வரைவது. அந்தக் கோடு எதையெல்லாம் வெட்டுகிறதோ, எங்கெல்லாம் வேறொன்றைத் தொடுகிறதோ, அங்கே மட்டும் விசை வரும். வெட்டாத இடத்தில் வராது. அதோடு உள்ளே இருக்கும் எடை. அவ்வளவுதான். எந்த விசையைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதை வெட்டுகிற மாதிரிக் கோட்டை வரைய வேண்டும். 500 நியூட்டன் வேண்டுமென்றால் இரண்டு உருளைக்கும் நடுவே கோடு போயாக வேண்டும்.

இதைச் செய்யாததால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கட்டடம் இருக்கிறது. என் வகுப்பில் இதைச் சொல்லாமல் முதல் யூனிட்டை முடிப்பதில்லை.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், கான்சஸ் சிட்டி. ஹயாட் ரீஜன்சி ஓட்டல் 1980 ஜூலையில் திறந்தது. அதன் உயரமான முன்கூடத்தில் அந்தரத்தில் நடைபாலங்கள் தொங்கின. நான்காவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலம். மூன்றாவது மாடிப் பாலம் தள்ளித் தனியாகத் தொங்கியது. ஒவ்வொரு பாலமும் ஏறக்குறைய 37 மீட்டர் நீளம், 29 டன் எடை.

முதலில் வரைந்த வடிவம்: கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி. அது நான்காவது மாடிப் பாலத்தின் குறுக்கு விட்டத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி, இரண்டாவது மாடிப் பாலத்தின் விட்டம் வரை போகும். ஒவ்வொரு விட்டத்துக்கும் கீழே கம்பியில் ஒரு நட்டு. விட்டம் அந்த நட்டின் மேல் உட்கார்ந்திருக்கும்.

இதில் ஒரு தொல்லை. நான்காவது மாடி நட்டை அதன் இடத்துக்குக் கொண்டுபோக, கம்பியின் கீழ் முனையிலிருந்து அந்த உயரம் வரை முழுக்க மரை வெட்ட வேண்டும். ஏற்றும்போது மரை நசுங்கிவிடும். ஆகவே உருக்கு வேலை செய்தவர்கள் ஒரு மாற்றம் கேட்டார்கள்: ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு. மேல் கம்பி கூரையிலிருந்து நான்காவது மாடி விட்டத்தோடு முடியும். சற்றுத் தள்ளி அதே விட்டத்தில் இன்னொரு கம்பியை மாட்டி, இரண்டாவது மாடிப் பாலத்தை அதில் தொங்கவிடுவது. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பொறியாளர் தரப்பிலும் ஒப்புதல் கிடைத்தது.

முத்து, நீயே கணக்குப் போடு. ஒவ்வொரு தொங்கல் இடத்திலும் ஒரு பாலத்தின் பங்குச் சுமை 'சு' என்று வைத்துக்கொள். நான்காவது மாடி விட்டத்தின் முனையைச் சுற்றி மட்டும் கோடு வரை. அந்த விட்டத்துக்குக் கீழே இருக்கும் நட்டு (மேல் நட்டு என்போம்) விட்டத்தை எவ்வளவு விசையோடு தாங்க வேண்டும்? பழைய வடிவத்தில், புதிய வடிவத்தில்.

செமஸ்டர்_முத்து

பழைய வடிவம்: கம்பி விட்டத்துக்குள்ள ஓட்டை வழியா சும்மா போகுது. விட்டத்தைத் தொடுறது நட்டு மட்டும்தான். விட்டத்து மேல கீழ்நோக்கி சு, நட்டு மேல்நோக்கி. நட்டு = சு. கீழ்ப் பாலத்தோட சுமை கம்பியிலயே போயிடுது, விட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

புது வடிவம்: விட்டத்து மேல அதோட சொந்தச் சுமை சு, கீழ்க் கம்பி இழுக்கிறது இன்னொரு சு. மேல் நட்டு = 2 சு.

ஆனா கூரையில இருக்கிற கம்பிக்கு ரெண்டுலயும் 2 சுதான். அதனால பார்த்தவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காதோ?

சிவில்_செல்வி

அதேதான். மொத்தத்தையும் சுற்றிக் கோடு போட்டால் இரண்டு படமும் ஒன்று. கூரைக் கம்பிக்கு வரும் சுமையும் ஒன்றுதான். விட்டத்துக்கும் நட்டுக்கும் நடுவே கோடு போட்டால்தான் சுமை இரட்டிப்பானது தெரியும். ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது ஒன்று. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. கயிறுக்கு வித்தியாசம் இல்லை, மேலே இருப்பவரின் கைக்குத்தான் தெரியும்.

1981 ஜூலை 17 மாலை, கீழே கூடத்தில் நடன நிகழ்ச்சி. நான்காவது மாடி விட்டத்தில் நட்டு பிய்த்துக்கொண்டு வெளியேறியது. மேல் பாலம் கீழ்ப் பாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள், 200க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். தள்ளித் தொங்கிய மூன்றாவது மாடிப் பாலம் விழவில்லை.

அந்த விட்டம் இரண்டு சேனல் உருக்குகளை (C வடிவ உருக்குகளை) வாய்க்கு வாய் சேர்த்து வெல்டு செய்த பெட்டி. துளை போட்டது சரியாக அந்த வெல்டு கோட்டின் மேல். நட்டு அந்த இணைப்பைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டது.

குறுக்குக்கேள்வி

அப்போ முதல் வடிவத்தையே விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதா?

சிவில்_செல்வி

அன்று விழாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதுவும் சரியான வடிவம் இல்லை. விசாரித்த அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் முடிவு: முதல் வடிவத்தின் இணைப்பே அந்த ஊர்க் கட்டட விதி கேட்ட தாங்குதிறனில் 60 சதவீதம்தான். மாற்றத்துக்குப் பிறகு அதே இணைப்பின் மேல் இரட்டைச் சுமை. இந்த இணைப்புக்கென்று தனியாக யாரும் கணக்குப் போடவே இல்லை. அதனால் "உருக்கு வேலைக்காரர் மாற்றினார், விழுந்தது" என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. மாற்றம் கேட்டவர் நியாயமான காரணத்துக்குத்தான் கேட்டார். விட்டத்தைத் தனியாக எடுத்து வரைய வேண்டியது பொறியாளரின் வேலை.

குறுக்குக்கேள்வி

மேட்ரிக்ஸ் பத்தி நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கல. ஆனா அந்த விட்டத்தை ஒரு பொருளா எடுக்கணும்னு மேட்ரிக்ஸ் சொல்லாதுங்கிறதை ஒத்துக்கிறேன்.

வவுனியாப்_பெடியன்

உராய்வுள்ள கணக்கிலும் ஒண்டு சொல்லவேணும், பரீட்சையில் நிறையப் பேர் விழுகிற இடம். தரையில் 100 நியூட்டன் பெட்டி, உராய்வுக் குணகம் 0.4. கிடையாக 20 நியூட்டனால் தள்ளுகிறோம். உராய்வு எவ்வளவு எண்டு கேட்டால் 40 எண்டு எழுதுவினம். 40 எண்டால் பெட்டி தள்ளுகிறவரை நோக்கி வரவேணும்! உராய்வு 20 தான். 40 எண்டது அது போகக்கூடிய எல்லை. "நழுவும் தறுவாயில்" எண்டு கேள்வியில் இருந்தால் மட்டும்தான் குணகம் பெருக்கல் செவ்வன் மறுதாக்கம் (பரப்பு செங்குத்தாகத் தள்ளும் விசை). மற்ற நேரத்தில் உராய்வும் ஒரு தெரியாக் கணியம், சமன்பாட்டில் இருந்துதான் வரும். கடைசியில் எல்லைக்குள் இருக்குதா எண்டு பார்க்க வேணும்.

ஏணிக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. 5 மீற்றர் ஏணி, ஒப்பமான (வழவழப்பான) சுவர், அடி சுவரில் இருந்து 3 மீற்றர், ஆக உச்சி 4 மீற்றர் உயரத்தில். எடை நடுவில். ஏணியில் மூன்று விசை: எடை, சுவரின் மறுதாக்கம், தரையின் மொத்த மறுதாக்கம் (உராய்வும் செவ்வனும் சேர்த்து ஒண்டாக). சமாந்தரம் இல்லாத மூன்று விசைகள் சமநிலையில் இருந்தால் ஒரு புள்ளியில் சந்தித்தே ஆகவேணும். சுவர் விசை 4 மீற்றர் உயரத்தில் கிடையாகப் போகுது, எடை அடியில் இருந்து 1.5 மீற்றரில் செங்குத்தாக. சந்திக்கும் இடம் தெரிஞ்சிட்டுது. தரை மறுதாக்கமும் அடியில் இருந்து அந்தப் புள்ளிக்குத்தான் போகவேணும். ஆக குறைஞ்சது தேவையான குணகம் 1.5 இன் கீழ் 4, அதாவது 0.375. ஏணியின் எடையே தேவையில்லை. 200 நியூட்டன் எண்டு தந்தால் சுவர் விசை 75.

கப்பிக்காரன்

அதே ஏணியில ஆள் மேல ஏற ஏற அந்தச் சந்திக்கிற புள்ளி சுவர் பக்கமா நகரும்ல? அப்ப தேவையான குணகம் கூடிக்கிட்டே போகும். பாதி ஏணி வரைக்கும் ஒண்ணும் ஆகாம, உச்சிக்குப் போறப்ப சறுக்குறது இதனாலதான் போல.

வவுனியாப்_பெடியன்

சரியாச் சொன்னீங்கள் அண்ணை. ஆளையும் ஏணியையும் சேர்த்த எடைக்கோடுதான் நகருது.

செமஸ்டர்_முத்து

எல்லாருக்கும் நன்றி. உருளைக் கணக்கோட அடுத்த கேள்வி இது. உருளைக்குப் பதில் அதே விட்டம், அதே எடையில ரெண்டு உருண்டை, பள்ளம் இல்ல, மேசை மேல நிமிர்த்தி வச்ச ஒரு குழாய்க்குள்ள. குழாயோட உள்விட்டம் 360, சுவர் கனம் விட்டுடலாம். அடிப்பக்கம் திறந்திருக்கு. குழாய் கவிழாம இருக்க அதோட எடை குறைஞ்சது எவ்வளவு?

குழாயை மட்டும் சுத்திக் கோடு போட்டேன். கீழ் உருண்டை இடது சுவரை இடப்பக்கமா 400, மேல் உருண்டை வலது சுவரை வலப்பக்கமா 400. மேல இருக்கிறது கீழ இருக்கிறதை விட 120 மி.மீ உயரத்துல. அதனால வலப்பக்கமா கவிழ்க்கப் பார்க்குது, 400 × 120 = 48,000. குழாயோட எடை வலது ஓரத்துலேர்ந்து 180 தள்ளி. எடை × 180 = 48,000, எடை 266.7 நியூட்டன். கவிழும் தறுவாயில மேசையோட எதிர்விசை முழுக்க வலது ஓரத்துக்கு வந்துடும், அதனால அந்த ஓரத்தைச் சுத்தி மொமென்ட் எடுத்தேன். சரியா?

சிவில்_செல்வி

சரி. காரணம் சொன்ன விதமும் சரி. இப்போது அதே குழாய்க்கு அடியில் தட்டு ஒட்டியிருந்தால்?

குறுக்குக்கேள்வி

இதை நான் சொல்றேன். தட்டு இருந்தா கீழ் உருண்டை மேசையை அழுத்தாது, தட்டை அழுத்தும். அந்த 600 இப்ப குழாயோட படத்துல வரும், வலது ஓரத்துலேர்ந்து 260 தள்ளி. 600 × 260 = 1,56,000. கவிழ்க்கிற 48,000க்கு மேல எவ்வளவோ இருக்கு. குழாய் காகிதமா இருந்தாலும் கவிழாது.

சிவில்_செல்வி

ஆமாம். மொத்தத்தையும் சுற்றிக் கோடு போட்டாலும் தெரிந்துவிடும்: வெளியிலிருந்து கிடை விசையே இல்லை, எடைகள் எல்லாம் அடித்தட்டுக்குள் விழுகின்றன, கவிழக் காரணமே இல்லை. அடி திறந்த குழாயில் இந்தக் கோடு ஏன் உதவாது தெரியுமா? அங்கே மேசையை இரண்டு பொருள்கள் தனித்தனியாகத் தொடுகின்றன, உருண்டையும் குழாயும். மொத்தப் படத்தில் எதிர்விசை எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பிரியாது. உருண்டைக்கு 600 போக மிச்சம் குழாய்க்கு, அதுவும் குழாயின் ஓரத்துக்குள் விழ வேண்டும்.

முத்து, சட்டகம், கீல் இணைப்பு எல்லாம் இரண்டாவது யூனிட். அதற்குத் தனி இழை தொடங்கு. கேள்வித்தாளில் இருக்கும் படத்தையும் போடு, வார்த்தையில் எழுதினால் கீல் எங்கே, உருளைத் தாங்கி எங்கே என்று புரியாது.

செமஸ்டர்_முத்து

இன்னிக்கு ராத்திரியே போடுறேன் மேடம். மூணு கீல், ஒரு கப்பி, கப்பி சட்டத்துலயே மாட்டியிருக்கு. கப்பியைக் கழட்டி எடுக்கணுமா, சட்டத்தோட விட்டுடலாமான்னுதான் கேக்கப் போறேன்.

கப்பிக்காரன்

சட்டத்தோட விடு. கயிறை மட்டும் வெட்டு. கப்பி அச்சுக்கு எவ்வளவு வருதுன்னு கேட்டிருந்தா மட்டும் கழட்டு.